வளவுக் குளத்தில் திலாப்பியா: சின்னதைத் தூக்குங்கள், விராலை விடுங்கள்

செங்கல்லுக்கு மண் வெட்டிய கிடங்கு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மடு, கோடைக்கு உதவும் என்று வயலோரத்தில் ஆழப்படுத்தி வைத்த சிறு குளம் என்று மட்டக்களப்புப் படுவான்கரையிலும் சரி, அம்பாறை மாவட்டத்துச் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல் வட்டைகளிலும் சரி, சொந்தமாக ஒரு நீர்நிலை வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் கால் ஏக்கர்கூட வராது. ஒரு மாரி வெள்ளம் ஏறி வடிந்தால் போதும், யாரும் கொண்டுவந்து விடாமலே அதற்குள் திலாப்பியா வந்துவிடும். இரண்டு மூன்று வருடம் போனதும் தூண்டில் விழுந்த நொடியே கடிக்கும், ஆனால் தூக்கிப் பார்த்தால் நாலு விரல் அகலம்தான் இருக்கும். உடனே "இந்தக் குளத்தில பெரிய மீன் இல்ல" என்று சொல்லிவிட்டு அதையும் திரும்பத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டு வந்துவிடுகிறோம்.

தவறு அங்கேதான் நடக்கிறது. சின்ன குளத்தில் எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்பதுதான் அடுத்த வருடம் என்ன அளவு மீன் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும். தூண்டில் போடும் விதத்தையும் சொல்கிறேன், ஆனால் இந்த ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திலாப்பியா நம்மூர் மீன் இல்லை. யப்பான் மீன் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அது ஆபிரிக்க மீன், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து குளங்களில் விட்டார்கள். அதன் இனப்பெருக்க முறையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஆண் மீன் கரையோர ஆழமில்லாத இடத்தில் வாயால் மண்ணை அள்ளித் துப்பித் துப்பி, சோற்றுக் கோப்பை மாதிரி வட்டமாக ஒரு பள்ளம் செய்யும். பெட்டை அதில் முட்டையிட்டு, அந்த முட்டையை அப்படியே வாய்க்குள் எடுத்துக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரித்து நீந்தத் தொடங்கும் வரை வாய்தான் வீடு. மற்ற மீன் தின்று தீர்க்க வாய்ப்புக் குறைவு என்பதால் பிழைக்கிற குஞ்சு அதிகம். நம் பக்கத்துத் தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பாகவே இருப்பதால் முட்டையிடுவதும் நிற்பதில்லை. குளத்தில் கூட்டம் கூடக் கூட ஒவ்வொரு மீனுக்கும் கிடைக்கிற சாப்பாடு குறைகிறது, அது வளர்வதை விட்டுவிட்டுச் சின்ன உடம்போடேயே முட்டை வைக்கத் தொடங்கிவிடுகிறது.

உங்கள் குளம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நாலு விரல் மீன் பத்துப் பிடித்து வயிற்றைக் கீறிப் பாருங்கள். அந்த அளவிலேயே மஞ்சள் மஞ்சளாக முட்டை இருந்தால் அது குஞ்சு இல்லை, வயது போன மீன், வளர இடமில்லாமல் நின்றுபோனது. இன்னொரு அடையாளம், தலை பெரிதாகவும் உடம்பு மெலிந்தும் இருக்கும். இப்படிப்பட்ட குளத்தில் சின்ன மீனைப் பாவம் பார்த்து விடுவது குளத்துக்குச் செய்கிற கெடுதல்.

கனடாவில் இருக்கிற என் மச்சான் அங்கே கிரப்பி என்று ஒரு மீன் பிடிப்பான். அது வேறு இனம், நம் நாட்டில் இல்லை, வாய்ச் சதை மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும் என்பான். ஆனால் சின்னக் குளத்தில் விட்டால் அதுவும் இதே மாதிரிப் பெருகி விரல் நீளத்தில் நின்றுவிடுமாம், அதனால் அதைத் தின்கிற பெரிய மீன் ஒன்றும் கூடவே இருக்க வேண்டுமாம். அவன் சொன்னதைக் கேட்டபோது எனக்கு நம் விரால்தான் ஞாபகம் வந்தது.

மாமாவின் வளவில் பழைய செங்கல் கிடங்கு ஒன்று இருக்கிறது. முதல் வருடம் அதில் நல்ல விரால் இருந்தது. நானும் தம்பியும் அந்தக் கோடையிலேயே தவளை குத்திப் போட்டு ஒன்றையும் மிச்சம் வைக்காமல் பிடித்துவிட்டோம். பக்கத்து வளவுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "மனே, விரால் ஆணம் நல்லாத்தான் இருக்கும். மறுகா சின்ன மீனத் திங்கிறது ஆரு?" என்று கேட்டார். அப்போது அது எங்களுக்கு உறைக்கவில்லை. அடுத்த கோடையில் அந்தக் கிடங்கில் கையளவுத் திலாப்பியா ஒன்றுகூட இல்லை, தண்ணீர் முழுக்கக் குஞ்சு குஞ்சாகக் கொதித்தது. அதைத் திரும்ப நிலைக்குக் கொண்டுவர இரண்டு வருடம் எடுத்தது. ஆகவே கால் ஏக்கர் அளவுக் குளம் என்றால் நாலைந்து நல்ல விராலாவது எப்போதும் உள்ளே இருக்கட்டும் என்பது என் கணக்கு. தூண்டிலில் மாட்டினாலும் விட்டுவிடுங்கள். மேற்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் பந்து மாதிரிச் சேர்ந்து வந்து வந்து மூச்செடுத்துப் போவதைக் கண்டால், அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அந்த நேரம் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், அதனால்தான் பிடிப்பதும் சுலபம். பிடித்தால் அந்தப் பந்து முழுவதும் மற்ற மீனுக்கு இரையாகும். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

சரி, இனிப் பிடிக்கிற வேலைக்கு வருவோம்.

வேறு ஒருவருடைய வளவென்றால் முதலில் வீட்டுக்குப் போய் வாய் திறந்து கேளுங்கள். வயல் சொந்தக்காரப் போடியாராக இருந்தாலும் தெரிந்த அண்ணனாக இருந்தாலும் வேலி தாண்டிப் போய்ப் பிடிப்பது சரியில்லை. கேட்டுவிட்டுப் போனால், எந்தப் பக்கம் ஆழம், எங்கே பழைய கட்டை கிடக்கிறது, முதலை கண்டதுண்டா என்பதெல்லாம் அவர்களே சொல்வார்கள். முதலை என்றது சும்மா இல்லை. மாரி வெள்ளத்தோடு குளத்துக்குக் குளம் நகர்ந்து, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் யாரும் எதிர்பாராத சின்ன மடுவுக்குள் வந்து கிடந்த கதைகள் உண்டு. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று தூண்டில் போடுவது, பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிடுவது, கரையிலேயே குடல் எடுத்துக் கழுவுவது, இந்த மூன்றையும் செய்யாதீர்கள். அம்பாறைப் பக்கம் யானை வருகிற இடமென்றால் பொழுது சாயும் முன்னே கிளம்பிவிட வேண்டும்.

தூண்டில் போடும் முன் ஒரு தடவை கரையைச் சுற்றி நடங்கள். ஓரத்தில் அந்த வட்டப் பள்ளங்கள் தெரிந்தால் ஆண் மீன்கள் அங்கே நிற்கின்றன. அப்புறம் தண்ணீரைப் பாருங்கள். கையை நேராக உள்ளே விட்டு, முழங்கை நனைகிற வரை உள்ளங்கை தெரிகிறதா என்று பார்க்கலாம். மணிக்கட்டு தாண்டியதுமே கை மறைந்து தண்ணீர் கடும் பச்சையாக இருந்தால் பாசி மிஞ்சிவிட்டது. பாசி பகலில் ஒட்சிசனைக் கொடுக்கும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும், அதனால் விடியும் நேரத்தில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்து நிறைய மீன் பசியோடு நிற்கிறது என்று நினைத்துத் தூண்டிலை எறிகிறவர்கள் உண்டு. அது பசி இல்லை, மூச்சுத் திணறல். அந்த நேரம் கடிக்காது. வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணிக்கு மேல் போங்கள். மப்பும் மந்தாரமுமாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இருந்தால் இன்னும் மோசம்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் வேண்டாம். எட்டு அல்லது பத்தடி மூங்கில் கம்பு, கம்பின் நீளத்துக்குச் சமமாகத் தங்கூசி, அதாவது தூண்டில் நைலோன் நூல். 0.20 மில்லிமீற்றர் போதும், பெரிய மீன் இருக்கிற குளமென்றால் 0.25. இதைவிடத் தடித்த தங்கூசி தெளிந்த தண்ணீரில் மீனுக்குத் தெரியும். தூண்டில் முள் 10ஆம் இலக்கம், இல்லாவிட்டால் 12, அதாவது சுண்டுவிரல் நகத்தளவு. திலாப்பியாவின் வாய் சின்னது, கடைக்காரர் பெரிய முள்ளைக் கையில் தந்தாலும் வாங்காதீர்கள். முள்ளின் உள்பக்கம் இருக்கிற எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீன் கொஞ்சம் நழுவும்தான், ஆனால் நிறைய மீன் எடுக்கிற நாளில் கழற்றுவது சுகம், விட வேண்டிய விராலின் வாயும் கிழியாது.

மிதப்புக்கு, அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்து கிடக்கிற மயிலிறகின் தண்டைவிட நல்லது நான் பார்த்ததில்லை. ஐந்து அங்குலம் வெட்டி, இரண்டு முனையிலும் மெழுகு வைத்து அடைத்து, பழைய சைக்கிள் வால்வு ரப்பரில் தங்கூசியோடு சேர்த்துப் போட்டால் மேலும் கீழும் நகர்த்தலாம். ஈயக்குண்டை ஒவ்வொன்றாகக் கடித்துக் கடித்து, தண்டின் நுனி ஒரு நகம் அளவுதான் தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். இந்த வேலையில் பொறுமை வேண்டும். செருப்பு ரப்பரில் கட்டையாக வெட்டிய மிதப்பு பாதி வெளியே நின்றால் திலாப்பியா இரையை வாய்க்குள் எடுத்து, கனம் உணர்ந்து துப்பிவிட்டுப் போய்விடும், உங்களுக்குத் தெரியவே வராது.

ஆழம் பார்க்க ஒரு கனமான ஈயத்தை முள்ளிலேயே மாட்டி இறக்குங்கள். அடி எங்கே என்று தெரிந்ததும் இரை சேற்றுக்கு ஒரு சாண் மேலே நிற்கிற மாதிரி மிதப்பை நகர்த்துங்கள். காலையிலும் நாலு மணிக்குப் பிறகும் கரையோரம் இரண்டடித் தண்ணீரிலேயே மீன் நிற்கும். உச்சி வெயிலில் ஆழத்துக்கோ மர நிழலுக்கோ போய்விடும்.

இரை விஷயத்தில் நான் பாணையே நம்புகிறேன். முதல் நாள் பாணின் வெள்ளைப் பகுதியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதே அளவு கோதுமை மா, ஒரு பிடி இடித்த தேங்காய்ப் பிண்ணாக்கு போட்டுப் பிசைய வேண்டும். முதலில் கையில் ஒட்டும், பிசையப் பிசைய விடும். காது மடலைத் தொட்டால் எப்படி இருக்கிறதோ அந்தப் பதம் வந்ததும் நிறுத்தி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், காய்ந்தால் முள்ளில் நிற்காது. மிளகளவு உருட்டி முள்ளின் முனை மட்டும் மறைகிற மாதிரிப் பிடித்தால் போதும். மண்புழுவும் நன்றாக எடுக்கும், வாழையடியிலும் சாணிக் குவியலுக்குக் கீழேயும் கிடக்கிற சின்னச் சிவப்புப் புழுதான் நல்லது. ஆனால் புழுவுக்குச் சுங்கானும் கெளுத்தியும் சேர்ந்து வரும். சுங்கான் முள் குத்தினால் கடுப்பு லேசில் போகாது. குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் அந்த இடத்தை வைத்திருங்கள், வலி இறங்கும். வீங்கிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மீனைக் கூட்ட, தவிட்டையும் பிண்ணாக்கையும் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிடித்து, தேசிக்காய் அளவில் ஒரே ஒரு உருண்டை போடுங்கள். கால் மணி நேரம் பொறுத்திருங்கள். கடிக்கவில்லை என்று அடுத்தடுத்துப் போட்டால் மீன் வயிறு நிறைந்து போய்விடும், மிஞ்சியது அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கிற கரையில் உட்காருங்கள், அப்போதுதான் நிழல் தண்ணீரில் விழாது. சின்னக் குளத்தில் இது பெரிய குளத்தைவிட முக்கியம், நாலெட்டு வைத்து நடந்தாலே மறுகரை வரை மீனுக்குத் தெரிந்துவிடுகிறது.

மிதப்பு துடித்துத் துடித்து நின்றால் அது குஞ்சு, இரையைக் கொறிக்கிறது. அவசரப்பட வேண்டாம். நல்ல மீன் கடித்தால் மிதப்பு ஆட்டமில்லாமல் ஒரு பக்கமாக நகர்ந்து மெதுவாகச் சரிந்து இறங்கும். சில நேரம் நேரெதிராக மேலே எழும்பிப் படுத்துக்கொள்ளும், அடியில் எடுத்த இரையை மீன் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் மணிக்கட்டை மட்டும் வெட்டினால் போதும். முழுக் கையையும் வீசி இழுத்தால் சின்ன மீன் தலைக்கு மேலே பறந்து பின்னால் வேலியில் மாட்டும், பெரிய மீன் தங்கூசியை அறுக்கும். கையில் எடுக்கும்போது தலைப் பக்கத்திலிருந்து வாலை நோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டு போய், முதுகு முள்ளைப் படுக்க வைத்துப் பிடியுங்கள். எதிர்ப் பக்கமாகப் பிடித்தால் கை கிழியும்.

இப்போது எதை எடுப்பது? கூட்டம் மிகுந்த குளத்தில் கையளவுக்குக் குறைந்த எதையும் திரும்ப விடாதீர்கள். தாடை புடைத்து, தூக்கியதும் வாயிலிருந்து குஞ்சைக் கொட்டுகிற பெட்டை சில நேரம் மாட்டும், அடைகாக்கும்போது அது சாப்பிடுவது இல்லை என்றே சொல்லலாம், அதனால் தூண்டிலில் வருவது அரிது, அத்தாங்கில்தான் வரும். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் குளம் நெருக்கமாக இருக்கும் வரை அதையும் எடுப்பதுதான் சரி. பெரிய மீனைக் கறிக்கு வேண்டிய அளவு எடுங்கள், தேடித் தேடிப் பெரியதை மட்டும் எடுத்தால் குளம் பழைய நிலைக்கே போகும். சின்ன மீன் வீண் இல்லை. உப்புப் போட்டுக் காயவைக்கலாம், நெத்தலி மாதிரி மொறுமொறுவென்று பொரிக்கலாம், கோழிக்கு அவித்துப் போடலாம், மிஞ்சினால் தென்னைக்குப் புதைக்கலாம். வெளியே கொண்டுபோய் வேறு குளத்திலோ வாய்க்காலிலோ மட்டும் விடாதீர்கள். ஒரு பழைய கொப்பியில் அன்றைக்கு எத்தனை, எந்த அளவு என்று எழுதி வையுங்கள், நாலைந்து மாதத்தில் அளவு கூடுகிறதா என்று அதில் தெரியும்.

தூண்டில் மட்டும் போட்டு மிகவும் நெருங்கிய குளத்தைச் சரிசெய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றி இடுப்பளவு, முழங்காலளவு என்று வரும்போது வீச்சு வலையும் கரப்பும் கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை செய்து பாதிக்கு மேல் எடுத்துவிட வேண்டும். அப்போது விரால் மாட்டினால் ஒரு வாளியில் சேர்த்து வைத்திருந்து திரும்ப விடலாம், அது மேலே வந்து காற்றை உறிஞ்சி மூச்செடுக்கிற மீன், கொஞ்ச நேரம் வாளியில் தாங்கும், மேலே ஒரு மூடியை மட்டும் போடுங்கள், பாய்ந்துவிடும். முழுவதும் வற்றி அடிமண் வெடிக்கிற குளமென்றால் அது நல்ல வாய்ப்பு, மாரித் தண்ணீர் நிறைந்த பிறகு புதிதாகக் குஞ்சு விட்டுத் தொடங்கலாம். இங்கினியாகலையில் நக்டா என்கிற தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் மீன் குஞ்சு உற்பத்தி நிலையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

காலம் என்று பார்த்தால் கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீர் கலங்கிக் குளிர்ந்து கிடக்கும், போய் உட்கார்வதில் பயன் குறைவு. தைப்பொங்கல் கழிந்து தண்ணீர் தெளிந்த பிறகு சித்திரை வரை நல்ல காலம். அதற்குப் பிறகு கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கும். பகலில் அந்தக் காற்று மிதப்பை ஓரிடத்தில் நிற்கவிடாது என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் காற்று போய் மோதுகிற வடகிழக்குக் கரையில்தான் பாசியும் பூச்சியும் ஒதுங்கும், மீனும் அங்கேதான் கூடும். ஈயத்தை ஒரு குண்டு கூட்டி அந்தக் கரையில் போட்டுப் பாருங்கள். வயலுக்கு மருந்தடிக்கிற நாட்களில் மட்டும், வயல் தண்ணீர் வடிந்து வருகிற குளத்து மீனைத் தின்ன வேண்டாம், ஒன்றிரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்.

சேற்று மணம் என்று சொல்லித் திலாப்பியாவை ஒதுக்குகிறவர்கள் அதிகம். உயிரோடு கொண்டுவந்து சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் தீனி போடாமல் இரண்டு நாள் விட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் பெருமளவு போய்விடும். அதற்கு நேரமில்லையென்றால், வயிற்றுக்குள் சுவரோடு ஒட்டிக் கறுப்பாக ஒரு சவ்வு இருக்கும், அதை உப்புக்கல்லால் தேய்த்து வெள்ளையாகும் வரை உரித்தெடுங்கள், பூவையும், அதாவது செவுளையும், முழுதாகப் பிடுங்குங்கள், தலையை ஆணத்தில் போடாதீர்கள். பிறகு பழப்புளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறட்டும். எங்கள் வீட்டில் அம்மா அதன் பிறகு மஞ்சளும் உப்பும் தடவி ஒரு தடவை லேசாகப் பொரித்தெடுத்துத்தான் புளியாணத்தில் போடுவா. குடலையும் செதிலையும் குளக்கரையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து தென்னையடியில் ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிடுங்கள், மேலோட்டமாகப் புதைத்தால் இரவே நாய் கிளறிவிடும்.